சொந்த எதிர்ப்பொருளும் கடன் எதிர்ப்பொருளும்

(நூலக அரங்கில் பொதுமக்களுக்காக ஒரு மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாய் கடித்து அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள் இந்த அரங்கில் கட்டாயம் சிலராவது இருப்பீர்கள். இரத்தம் வரும்படி கடித்திருந்தால் அங்கே இரண்டு வகை ஊசி போடுவார்கள். ஒன்று கையில் போடும் தடுப்பூசி. இன்னொன்று கடிபட்ட காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போடுவது. இரண்டாவது வலிக்கும். விரல் நுனியிலோ உதட்டிலோ கடித்திருந்தால் ரொம்பவே வலிக்கும். "கையிலதான் போட்டாச்சே, புண்ணு மேல எதுக்குக் குத்துறீங்க டாக்டர்?" என்று நோயாளி கேட்பார். சிலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தே போய்விடுவார்கள். அப்படிப் போகிறவரைக் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டுமென்றால், நம் உடம்பு நோயை எப்படி எதிர்க்கிறது என்பதை அவருக்கு விளங்கும்படி சொல்லியாக வேண்டும். இன்றைய பேச்சுக்கு நான் ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

நோய் எதிர்ப்பு சக்தி என்றாலே அது கூடுமா, குறையுமா, எதைச் சாப்பிட்டால் ஏறும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் நாள் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எந்தக் கிருமி வந்தாலும் அதற்கு எதிரான பொருளைச் செய்துகொள்ள நம் உடம்புக்குத் தெரியும். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். அத்தனை நாள் பொறுக்காத நோய் என்றால் வேறொருவர் செய்து வைத்திருப்பதைக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். சொந்தமாகச் செய்துகொள்வதும் கடன் வாங்குவதும் என்ற இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், மருத்துவமனையில் நடக்கும் பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அப்படியொரு பொருள் இருப்பதே மருத்துவ உலகத்துக்கு முதலில் தெரியவந்தது கடன் வழியாகத்தான். 1890 டிசம்பரில் பெர்லினில் எமில் பெரிங்கும், ஜப்பானிலிருந்து வந்து அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ஷிபாசபுரோ கிடாசாட்டோவும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரண ஜன்னியைத் தாங்கும்படி பழக்கிய ஒரு முயலின் இரத்தத்தை எடுத்து, அதன் தெளிந்த நீரை, அதாவது சீரத்தைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். பிறகு அந்த எலிகளுக்கு ரண ஜன்னி நஞ்சைக் கொடுத்தார்கள். சீரம் வாங்கிய எலிகள் பிழைத்தன, வாங்காதவை செத்தன. முயலின் இரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்று, இடம் மாறிய பிறகும் வேலை செய்தது. அந்த ஏதோ ஒன்றைத்தான் இன்று எதிர்ப்பொருள், ஆன்டிபாடி என்கிறோம்.

நான்கே ஆண்டுகளில் அது குழந்தைகளின் படுக்கைக்கு வந்து சேர்ந்தது. தொண்டை அடைப்பான் நோயில் தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் போலப் படர்ந்து குழந்தைக்கு மூச்சு முட்டும். 1894-ல் பாரிஸில் எமில் ரூ குதிரைகளிலிருந்து எடுத்த சீரத்தை அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். மருத்துவமனையில் இறந்துகொண்டிருந்த குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1901-ல் மருத்துவத்துக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட நோபல் பரிசு பெரிங்குக்குப் போனது. கிடாசாட்டோவை அதில் சேர்க்காதது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

குதிரைச் சீரத்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிழைத்தார்கள். கூடவே ஒரு தொந்தரவும் வந்தது. வியன்னாவில் கிளமென்ஸ் ஃபான் பிர்க்கே, பேலா ஷிக் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் அதைக் கவனித்தார்கள். சீரம் போட்ட குழந்தை தேறிவிடும். எட்டாம் நாள், பத்தாம் நாள் வாக்கில் திடீரென்று காய்ச்சல் வரும். உடம்பெல்லாம் தடிப்பு, மூட்டு வலி, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுதல். சில நாளில் தானாகவே அடங்கிவிடும். சீரம்தான் காரணம் என்றால் போட்ட அன்றே வந்திருக்க வேண்டுமே, இடையில் அந்த ஒரு வாரம் எதற்கு?

அவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். அதே குழந்தைக்குச் சில மாதம் கழித்து மறுபடி சீரம் போட நேர்ந்தால் இந்தத் தொந்தரவு எட்டு நாள் காத்திருக்கவில்லை. ஓரிரு நாளிலேயே வந்தது, சில சமயம் உடனேயே வந்தது. 1905-ல் அவர்கள் எழுதிய நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. குதிரையின் புரதம் மனித உடம்புக்கு அந்நியப் பொருள். அதற்கு எதிராகக் குழந்தையின் உடம்பு தன் சொந்த எதிர்ப்பொருளைச் செய்கிறது. செய்து முடிக்க அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. செய்து முடித்த எதிர்ப்பொருளும் இரத்தத்தில் இன்னும் மிச்சமிருக்கும் குதிரைப் புரதமும் சந்திக்கும்போதுதான் காய்ச்சலும் தடிப்பும் வருகின்றன. இரண்டாம் முறை உடம்பு அதை மறக்காமல் வைத்திருப்பதால் வேலை வேகமாக நடக்கிறது. கடன் வாங்கிய பொருளின் மூலமாகவே சொந்த உற்பத்தியின் நாள் கணக்கு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. நுண்நோக்கியில் எதையும் காணாமல், படுக்கையோரத்தில் தேதியை மட்டும் குறித்து வைத்து இவ்வளவையும் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருவர் மேலும் மரியாதை கூடுகிறது.

சரி, அந்த ஒரு வாரத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கையில் புண் வந்தால் அக்குளில் கட்டும். நம் பாட்டிமார் தொட்டுப் பார்த்தே எங்கே புண் என்று சொல்லிவிடுவார்கள். அந்த நெறி நிணநீர் முடிச்சு. உடம்பெங்கும் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. சாதாரண நாளில் பயறு அளவுதான், தொட்டால் தெரியாது. புண்ணிலிருந்து கிருமியின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு சில செல்கள் நிணநீர்க் குழாய் வழியாக அங்கே வந்து சேரும். அங்கே பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் கோடிக்கணக்கில் காத்திருக்கின்றன. ஒவ்வொரு பி செல்லும் தன் மேற்பரப்பில் ஒரே ஒரு வகை எதிர்ப்பொருளைத் தாங்கியிருக்கிறது. எந்த இரண்டுக்கும் பெரும்பாலும் ஒற்றுமை இருக்காது.

இந்த வகைகள் கிருமியைப் பார்த்த பிறகு செய்யப்படுபவை அல்ல. கிருமி வருமுன்பே எலும்பு மஜ்ஜையில் பி செல் பிறக்கும்போதே செய்யப்பட்டுவிடுகின்றன. எதிர்ப்பொருளுக்கான மரபணு முழுத் துண்டாக இல்லை, பல சிறு துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு பி செல்லும் பிறக்கும்போது அதில் சிலவற்றை எடுத்துத் தற்செயலாக ஒட்டிக்கொள்கிறது. சுசுமு டோனேகாவா 1976-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இதை நிரூபித்தார். உலகில் இதுவரை தோன்றாத கிருமிக்குக்கூடப் பொருந்தக்கூடிய எதிர்ப்பொருள் ஒன்று இப்போது உங்கள் உடம்பில் எங்கோ இருக்கலாம் என்பது இதன் பொருள்.

ஆனால் பொருந்தக்கூடிய பி செல் மிகச் சில மட்டுமே இருக்கும். கிருமித் துணுக்கு வந்து அதில் ஒட்ட வேண்டும். டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு அதற்குச் சம்மதம் தர வேண்டும். பிறகுதான் அந்த பி செல் இரண்டாகும், நான்காகும், எட்டாகும். இப்படிப் பொருந்துவது மட்டும் பெருகும் என்று 1957-ல் ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட் சொன்னார். அந்தப் பெருக்கத்தில்தான் முடிச்சு வீங்குகிறது. நெறி கட்டுகிறதே என்று பயந்து வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: அங்கே வேலை நடக்கிறது. வாரக்கணக்கில் கரையாமலோ கல் போல இறுகியோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். பெருகியவற்றில் ஒரு பகுதி எதிர்ப்பொருளை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் கக்கும் செல்களாகின்றன. இன்னொரு பகுதி நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகின்றன. தேடல், சம்மதம், பெருக்கம், உற்பத்தி எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு வாரம், பத்து நாள்.

வெளியே வந்த எதிர்ப்பொருள் கவட்டை வடிவத்தில் இருக்கும். இரண்டு கைகளின் நுனியும் ஒரே மாதிரி, இலக்கைப் பிடிப்பது அவைதான். கீழே இருக்கும் காம்பு, கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்களை அழைக்கும். பிரிட்டனில் ரோட்னி போர்ட்டர் பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பைன் என்ற நொதியால் வெட்டித்தான் இந்தக் கைகளையும் காம்பையும் பிரித்துக் காட்டினார். ரண ஜன்னி போன்ற நஞ்சாக இருந்தால் எதிர்ப்பொருள் அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டாலே போதும், நஞ்சால் நரம்பில் போய் உட்கார முடியாது. ஒரு லிட்டர் இரத்தச் சீரத்தில் இந்தக் கவட்டைகள் ஏறத்தாழ 10 கிராம் கரைந்திருக்கின்றன. நாம் இதுவரை பட்ட நோய்களும் போட்ட தடுப்பூசிகளும் எல்லாம் அதில் இருக்கின்றன.

நினைவு எத்தனை காலம் நிற்கும்? 1846-ல் வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவி மக்களில் பெரும்பாலோரைப் பிடித்தது. அதற்குமுன் அங்கே தட்டம்மை வந்தது 1781-ல். டென்மார்க்கிலிருந்து அனுப்பப்பட்ட பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். 65 ஆண்டுகளுக்குமுன் சிறு வயதில் தட்டம்மை வந்திருந்த கிழவர்களில் ஒருவருக்கும் மறுபடி வரவில்லை. சொந்தமாகச் சம்பாதித்தது அப்படி நிற்கும். எல்லா நோயிலும் இத்தனை காலம் நிற்பதில்லை, அது வேறு கதை.

இப்போது நாய்க்கடிக்கு வருவோம். வெறிநாய்க்கடி வைரஸ் காயத்திலிருந்து நரம்பைப் பிடித்து மூளையை நோக்கி நகரும். நரம்புக்குள் நுழைந்துவிட்டால் எதிர்ப்பொருளால் அதை எட்டுவது கடினம். கையில் போடும் தடுப்பூசி உங்கள் சொந்த உற்பத்தியைத் தொடங்கி வைக்கிறது, அது போதுமான அளவுக்கு வர ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கும் வைரஸை யார் பிடிப்பது? அதற்காகத்தான் குதிரையிலிருந்தோ மனிதரிடமிருந்தோ எடுத்த எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளேயே செலுத்துகிறோம். வைரஸ் இருக்கும் இடத்தில், அது நரம்பைத் தொடுமுன் அதைப் பிடிக்க வேண்டும். கையில் போடும் ஊசியால் அந்த வேலை ஆகாது. முன்பே முழுத் தவணையும் தடுப்பூசி போட்டுக்கொண்டவரை நாய் கடித்தால் இந்தக் கடன் ஊசி வேண்டாம், நினைவுச் செல்களைத் தட்டி எழுப்ப இரண்டே ஊசி போதும். கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவதும் இதே காரணத்துக்காகத்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்பாதீர்கள். தயவுசெய்து.

கடன் என்றால் தாழ்வாக நினைக்கக்கூடாது. நாம் எல்லோரும் கடனோடுதான் பிறக்கிறோம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அது குறைவாகத்தான் கிடைத்திருக்கும். கர்ப்பிணிக்குப் போடும் ரண ஜன்னி ஊசி, தாய்க்கு மட்டும் உரியதல்ல. தொப்புள் கொடியை அழுக்குக் கத்தியால் அறுத்து, பிறந்து ஒரு வாரத்தில் பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து இறந்த பிள்ளைகள் நம் நாட்டில் ஏராளம். அந்தப் பிள்ளை தன் எதிர்ப்பொருளைத் தானே செய்துகொள்ள நேரமில்லை. அதனால் தாயின் உடம்பில் முன்கூட்டியே செய்ய வைத்தோம். பாதுகாப்பான பிரசவமும் இந்த ஊசியும் சேர்ந்துதான் 2015-ல் இந்தியாவில் பச்சிளங்குழந்தை ரண ஜன்னி ஒழிந்ததாக அறிவிக்க முடிந்தது.

தாய் தந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாதியாகக் கரையும். அது இருக்கும்வரை தட்டம்மைத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, ஊசியில் உள்ள பலவீனப்படுத்திய வைரஸைத் தாயின் எதிர்ப்பொருளே அழித்துவிடும். அதனால்தான் அந்த ஊசிக்கு ஒன்பதாம் மாதம் முடியக் காத்திருக்கச் சொல்கிறோம். கிராமத்துச் செவிலியர் அட்டையில் தேதி எழுதித் தருகிறாரே, அந்தத் தேதிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

கடனைத் தவிர வேறு வழியே இல்லாத இடம் ஒன்று உண்டு. அது பாம்புக்கடி. நஞ்சு சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும். முதல் முறைக்கு வேண்டிய ஒரு வாரத்துக்கு மட்டுமல்ல, நினைவுச் செல் விழித்தெழ வேண்டிய சில நாட்களுக்குக்கூட நேரமில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்தவர், வயலில் வேலை செய்பவர்கள். இந்தக் கணக்கைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் மருந்து இருக்கிறது.

அந்த மருந்து தொடங்கும் இடம் இங்கேதான், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில். பாம்புத் தோல் வியாபாரத்தைச் சட்டம் தடுத்த பிறகு பிழைப்பை இழந்த இருளர் பழங்குடியினர், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமத்தோடு பிடித்து வந்து, துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் வைப்பார்கள். வாரம் ஒரு முறை பாம்பின் தலையைப் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையைக் கடிக்க வைத்து நஞ்சு எடுப்பார்கள். கண்ணாடி விரியன் தாராளமாகக் கொடுக்கும். கட்டுவிரியனிடமிருந்து கிடைப்பது கொஞ்சம்தான். சில வாரங்களில் வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி சிக்கினால் அதை வைத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அது மிகத் தாமதமாக வந்தது என்று நினைக்கிறேன்.

உறைய வைத்து உலர்த்திய அந்த நஞ்சு, மருந்து நிறுவனங்களின் குதிரைகளுக்குப் போகிறது. துளியில் தொடங்கி மாதக்கணக்கில் அளவைக் கூட்டுவார்கள். குதிரையின் நிணநீர் முடிச்சுகள் நான் சொன்ன வேலை அத்தனையையும் செய்யும். பிறகு இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருளைப் பிரித்து, பெப்சின் என்ற நொதியால் அதன் காம்பை வெட்டிவிடுவார்கள். நஞ்சைப் பிடிக்கக் கைகள் போதும். காம்பை நீக்கினால் வியன்னாக் குழந்தைகள் பட்ட பாடு குறையும், முழுக்கப் போய்விடாது. நஞ்சுமுறி மருந்து ஏறும்போது நோயாளிக்கு அரிப்போ மூச்சுத் திணறலோ வருகிறதா என்று அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறோம்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு மில்லி மருந்து கண்ணாடி விரியன் நஞ்சில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு குப்பி 10 மில்லி, பத்துக் குப்பி 60 மில்லிகிராமை முறிக்கும். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாகச் செலுத்துவது ஏறத்தாழ அவ்வளவுதான். குழந்தைக்கும் அதே பத்துக் குப்பிதான். எடைக்குத் தகுந்தபடி குறைக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்பார்கள். குழந்தை என்று பாம்பு குறைத்துக் கடிப்பதில்லையே.

நஞ்சு ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கெட்டியாக உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் போல ஓடினால் விரியன் நஞ்சு இரத்தத்தின் உறையும் சக்தியைத் தின்றுவிட்டது என்று அர்த்தம், மருந்து உடனே ஏற வேண்டும். கட்டுவிரியன் கடியில் இது உதவாது. அங்கே இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பாம்பு பாயில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும், பல் பட்ட தடமும் தெரியாது, வலியும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார்கள். கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனைகளைச் சிதைத்துவிட்டால் எத்தனை குப்பி ஏற்றினாலும் அந்த முனை திரும்பாது, புதிதாக வளரும்வரை செயற்கை சுவாசத்தில் வைக்க வேண்டும். எதிர்ப்பொருள், இரத்தத்தில் திரியும் நஞ்சைத்தான் பிடிக்கும். ஏற்கனவே செய்த கெடுதலை மாற்றாது. இறுகக் கட்டுப் போட்டு, கீறி, வாயால் உறிஞ்சி, மந்திரிக்கப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வருகிறவரின் உறவினரிடம் இதை விளக்குவது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

நம் மருந்துக்கும் குறை உண்டு. பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட் 1890-களில் நல்ல பாம்பு நஞ்சுக்குச் சீரம் செய்தபோது எல்லாப் பாம்புக்கும் அதுவே போதும் என்று நம்பினார். பிரேசிலில் விட்டல் பிரசில் என்ற மருத்துவர் அது தவறு என்று காட்டினார். ஒரு நஞ்சுக்குச் செய்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் இன்னொன்றைப் பிடிப்பதில்லை. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், ஒரே கண்ணாடி விரியனின் நஞ்சே ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சை வைத்துச் செய்த மருந்து நாட்டின் வேறு பகுதிகளில் அதே வலுவோடு வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் சொல்கின்றன. அந்தந்த வட்டாரப் பாம்பிலிருந்து நஞ்சு எடுக்க ஏற்பாடு வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை.

குதிரையே வேண்டாத வழியும் தேடப்படுகிறது. 2024-ல் அதே கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, ஆய்வகத்தில் தயாரித்த மனித எதிர்ப்பொருள் தொகுப்பிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், ஆப்பிரிக்க மாம்பா ஆகியவற்றின் குடும்பத்தில் உள்ள ஒரு முக்கியமான நரம்பு நஞ்சு வகையை அது பிடிக்கிறது. எலிகளில் பலன் தெரிந்திருக்கிறது. விரியன் நஞ்சுக்கு அது உதவாது. நம் ஊரில் அதிகம் பேரைக் கொல்லும் கண்ணாடி விரியனுக்கு இன்னும் குதிரையும் இருளரும்தான் துணை.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் ஒவ்வொரு கடியும் பதிவாக வேண்டும். எந்த வட்டத்தில், எந்த மாதத்தில், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி இருப்பில் இருக்க வேண்டும் என்று இனி கணக்குப் பார்த்துச் சொல்ல முடியும். உங்கள் ஊர் நிலையத்தில் இப்போது எத்தனை இருக்கிறது என்று நாளைக்கே போய்க் கேளுங்கள்.